மீன் தண்ணீர் குடித்த கன்றுகள்

நிழல் அந்த இடத்தில் கத்தியால் வெட்டினது போல முடிந்தது. கடற்படைத் தளத்துக்குள் வேலை செய்த ஒருவருக்கு அப்பா கொடுத்தனுப்பிய கடிதத்தைக் கொடுத்துவிட்டு, சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். உள்ளே வீதியின் இரண்டு பக்கமும் வெள்ளைக்காரர் காலத்தில் வைத்த நிழல்வாகைகள் தலையோடு தலை முட்டி நின்றன. மலை மறைத்து நின்றதால் முந்தி அடித்த பெரிய புயல் அவற்றைத் தொடவில்லை. வாசலைத் தாண்டிச் சைக்கிள் ஊர் வீதியில் ஏறிய அடுத்த கணம், யாரோ குசினிக் கதவைத் திறந்து அடுப்பை என் முகத்துக்கு நேரே காட்டியதுபோல இருந்தது. கோடையில் மேற்கே இருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது.

நான் சைக்கிளைத் திருப்பி மறுபடி நிழலுக்குள் போனேன். பிறகு வெளியே வந்தேன். மூன்றாவது தடவை போகும்போது வாசலில் நின்ற காவல்காரர், "என்ன தம்பி, சைக்கிள் பழுதா?" என்று கேட்டார்.

"இல்லை, சூடு பார்க்கிறன்."

"அதைப் பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று அவர் தன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

பார்க்க இருந்தது. ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே நேரம். நடுவில் பன்னிரண்டு மரங்கள்தான் வித்தியாசம். வீடு வந்து சேரும்வரை எனக்கு வேறு நினைவு வரவில்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பரீட்சை எழுதி முடித்துவிட்டு, மறுமொழி வரும்வரை என்ன செய்வதென்று தெரியாமல் நூலகத்துக்கும் கடற்கரைக்கும் அலைந்துகொண்டிருந்தேன். என் கண்ணில் எப்போதும் பட்டுக்கொண்டிருந்த வீதி ஒன்று இருந்தது. மூதூர் லோஞ்சுப் படகு வந்து நிற்கும் இறங்குதுறையில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வீதி. அக்கரைச் சனம், மூதூர், கட்டைபறிச்சான் பக்கமெல்லாம் இருந்து வருத்தக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கி, வெயில் ஏறிய பிறகு அந்த வீதியால் நடப்பார்கள். முன்பு அங்கே மரங்கள் நின்றன. பெரிய புயல் அவற்றை அடியோடு சாய்த்தது. நகரசபை ஆட்கள் அடிக்கட்டைகளைக் கிண்டி எடுத்துக் குழிகளை மூடிவிட்டார்கள். அதன் பிறகு அந்த வீதியில் நிழல் என்று இருந்தது விளக்குக் கம்பங்களின் நிழல் மட்டும்தான். ஒரு நாள் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணும், அவளுடைய தாயும், தகப்பனும் ஒரே கம்பத்தின் நிழலில் ஒருவர் பின் ஒருவராக, வரிசையில் நிற்பவர்கள் மாதிரி நின்று இளைப்பாறியதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தபோது சிரிப்பு வந்தது. வாகைகளின் கீழ் போய் வந்த அன்று அது சிரிப்பாகத் தெரியவில்லை.

அன்று பின்னேரமே சபைக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலு பக்கம். அடுத்த நாள் தளத்து மதிலோரம் போய், வெளியே விழுந்து கிடந்த வாகைக் காய்களைச் சாக்கில் பொறுக்கிக்கொண்டு வந்தேன். பிசின் பிடித்த கறுப்புக் காய்கள். உடைத்து விதை எடுத்து, வெறும் பால்ப்பேணித் தகரங்களில் மண் நிரப்பி ஊன்றினேன். இரண்டு கிழமை, பதினாலு நாள், ஒன்றும் முளைக்கவில்லை. அம்மா பார்த்துப் பார்த்துப் பொறுமை கெட்டு, சோறு வடித்த கஞ்சி ஆறி வரும் பதத்தில் மிச்ச விதைகளைப் போட்டு ஒரு நாள் மூடி வைத்தார். "கல்லு மாதிரிக் கிடக்கு. கொஞ்சம் இளகினாத்தானே முளைக்கும்," என்றார். அவற்றை ஊன்றிய ஐந்தாம் நாள் முளைத்தது. கிணற்றடி முழுக்கப் பேணிகள். அப்பா குளிக்கப் போனால் காலை எங்கே வைப்பது என்று தேட வேண்டியிருந்தது.

சபையில் இருந்து ஓவசியர் கூப்பிட்டு அனுப்பினார். வீதி வேலைகளைப் பார்க்கும் மேற்பார்வையாளர் அவர். என் கடிதம் அவர் மேசையில் விரித்தபடி கிடந்தது.

"நீரே எழுதினது?"

"ஓம் ஐயா."

"நல்ல தமிழ். மரம் நடுகிறதுக்கு ஏன் இவ்வளவு தமிழ்?" அவர் சிரிக்கவில்லை. "சரி, கன்று ஆர் தாறது?"

"நான் வளர்க்கிறன். முப்பத்திரண்டு நிக்குது."

"குழி?"

"நானும் சிநேகிதர்மாரும் வெட்டுவம். மாரி தொடங்க நடலாம்."

"மாரியில எல்லாம் வளரும், தம்பி. கச்சானுக்கு ஆர் தண்ணி ஊத்துறது?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. நாலு பக்கக் கடிதத்தில் அது ஒரு வரியாகக்கூட இல்லை. அந்த நேரம் யன்னலுக்கு வெளியே சபையின் தண்ணீர் வண்டில் முற்றத்துக்குள் வந்தது. மாட்டு வண்டிலின் மேல் ஓர் இரும்புத் தாங்கி, பின்னால் ஓட்டை போட்ட குழாய். கோடையில் வீதிப் புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டு போகும். அதை ஓட்டுகிறவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர், முப்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன்.

"தண்ணி வண்டில் ஒவ்வொரு நாளும் அந்த வீதியால போகுதுதானே," என்றேன். "நானா ஊத்துவார்."

"அவர் சொன்னவரோ?"

"ஓம்."

அவர் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை. கேட்டால் சொல்லுவார் என்பது எனக்கு நிச்சயமாக இருந்தது. அதனால் சொன்னார் என்றேன். எனக்கு அந்த வயதில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தது.

ஓவசியர் ஒரு பெரிய புத்தகத்தை எடுத்து எழுதினார். இறங்குதுறை வீதிக் கன்றுகள், பராமரிப்பு என்று போட்டு, அதற்கு எதிரே நானாவின் பெயரை எழுதினார். பிறகு பேனையை மூடிவிட்டுச் சொன்னார்: "இவர் ஒன்பது வருசமா நாட்கூலி. நிரந்தரமாக்கச் சொல்லி வாற வருசம் நான் மேல எழுத வேணும். கன்று கச்சானைத் தாண்டினா அதையும் சேர்த்து எழுதலாம். பட்டுப்போனா அதையும் சேர்த்துத்தான் எழுத வேணும்."

நான் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். நானா மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"நானா, உங்களுக்கு ஒரு நல்ல செய்தி."

"வெயிலுக்க நிண்டு ஓடி வந்து சொல்ற செய்தி நல்லதா இரிக்காது. இஞ்சால நிழலுக்க வந்து சொல்லுங்க."

சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"என்ட பேரு புத்தகத்தில ஏறிட்டா?"

"ஓம்."

"ஒம்பது வருசமா எந்தப் புத்தகத்திலயும் ஏறாத பேரு." மாட்டின் கழுத்தைத் தடவினார். "கேட்டுட்டுக் குடுத்திருக்கலாம், தம்பி."

"நீங்கள் மாட்டன் எண்டிருப்பீங்களோ?"

"மாட்டன் எண்டு சொல்லியிருக்க மாட்டன். ஆனா கேட்டிருக்கலாம்."

நிரந்தரம் என்றால் அவருக்கு என்ன என்று அன்றுதான் கேட்டேன். சபையின் குடியிருப்பில் ஓர் அறை கிடைக்கும். மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும் கிண்ணியாவில் இருந்தார்கள். அவர் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் துறை கடந்து வீட்டுக்குப் போவார். மற்ற நாளெல்லாம் வண்டில் கொட்டிலில்தான் படுக்கை. "கடைசிப் புள்ள என்னக் கண்டா உம்மாட சீலைக்குப் பின்னால ஒளியிற," என்றார். "வாப்பா எண்டு தெரியும். ஆனா வந்து போற ஆள் எண்டு நினைக்கிற."

மாரி தொடங்கியதும் நட்டோம். வாகைகள் எல்லாம் முழங்கால் உயரம். ஆடும் மானும் தின்னாமல் ஒவ்வொன்றையும் சுற்றிப் பனங் கருக்குமட்டைகளை நெருக்கமாகக் குத்தி நிறுத்தினோம். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் காலையில் வீதிக்கு வந்து மேய்வது எங்கள் ஊரில் ஒருவரும் திரும்பிப் பார்க்காத விடயம். ஆனால் கன்று வைத்திருப்பவன் திரும்பிப் பார்க்கத்தான் வேண்டும். நானா குழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, "இதுக்குள்ள கல்லுக் கிடக்கு, வேர் எங்கால போற?" என்று எங்களைத் திரும்ப வெட்ட வைத்தார். பெயர் ஏறிய மனிதர் அல்லவா.

மாரி முழுக்க எனக்குச் சந்தோசம். தை மாதம் கன்றுகள் என் இடுப்புக்கு வந்தன. பின்னேரம் இலைகளை மடக்கிக்கொண்டு அவை நித்திரைக்குப் போவதைப் பார்க்கச் சிநேகிதர்களை இழுத்துக்கொண்டு போவேன். மழை விட்ட பிறகு நானா ஒவ்வொரு நாளும் வண்டிலை நிறுத்தி, கன்றுக்கு ஒரு வாளி ஊற்றினார். இறங்குதுறைப் பக்கம் தொடங்கி ஆஸ்பத்திரிப் பக்கம் போவார். கடைசி ஆறு கன்றுகளுக்கு வரும்போது தாங்கியில் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். அவற்றுக்கு அரை வாளிதான். நான் அதற்காக அவரோடு வாதாடினேன். "நீங்க கேட்ட மாதிரி ஆஸ்பத்திரிப் பக்கத்தில இருந்து தொடங்கினா இறங்குதுறைக் கன்றுக்கு அரை வாளி. தாங்கி ஒண்டுதானே," என்றார்.

கச்சான் அந்த வருடம் முன்னதாகவே வந்தது. காற்று மேற்கே இருந்து சுட்டுக்கொண்டு அடித்தது. சபைக் கிணறு வற்றத் தொடங்கியது. குடிப்பதற்கு மட்டும்தான் தண்ணீர், வீதிக்குத் தெளிக்கக் கூடாது என்று கட்டளை வந்தது. வண்டில் கொட்டிலில் நின்றது. இரண்டு நாள் நானும் அம்மாவும் வீட்டுக் கிணற்றில் அள்ளி வாளியில் காவினோம். எங்கள் கிணறும் கலங்கியது. அம்மா, "வீட்டில இருக்கிற ஏழு பேருக்கும் தண்ணி வேண்டாமோ?" என்று கயிற்றைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மீன் சந்தை.

எங்கள் ஊரில் மீன் கழுவின தண்ணீரை யாரும் வீணாக்குவதில்லை. குசினிப் பின்பக்கம் நிற்கும் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் அதுதான். எந்த வீட்டிலும் கேட்கலாம். அது தண்ணீரும் உரமும் ஒன்றாக. சந்தையில் கல்மேடைகளைக் கழுவி விடுகிற தண்ணீர் பின்னால் ஒரு பெரிய தொட்டியில் வந்து விழுகிறது. இரத்தமும் செதிலும் கலந்த தண்ணீர். ஒவ்வொரு நாளும் ஒருவருக்கும் பயனில்லாமல் கிடக்கிறது. வண்டில் சும்மா நிற்கிறது. இரண்டையும் நான் ஒரே நிமிசத்தில் கோத்துவிட்டேன்.

நானாவிடம் சொன்னபோது அவர் முகம் வெளித்தது. "எங்கட உம்மாவும் முருங்கைக்கு அதுதான் ஊத்துற. காய் ஒரு முழம் வரும்," என்றார். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் ஓவசியரிடம் போனேன். ஓவசியரும் தலையாட்டினார். "மணக்கும். ஆனா வளரும்," என்றார். மூன்று பேரும் மீன் தின்று வளர்ந்தவர்கள். மூன்று பேரில் ஒருவருக்குமே சந்தேகம் வரவில்லை.

அப்படித்தான் தொடங்கினோம். வீதி நாறியது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மரம் வைக்கிறீங்களோ, கருவாடு காயப் போடுறீங்களோ?" என்று கேட்டார்கள். இலையான் மொய்த்தது. நான் ஒன்றுக்கும் கவலைப்படவில்லை. இரண்டாம் கிழமை இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. கச்சான் என்றேன். ஊரில் எல்லா மரத்துக்கும் அந்த நாட்களில் ஓரம் கருகித்தான் இருந்தது. அடியில் மண்ணின் மேல் வெள்ளையாக ஒன்று படிந்தது. செதிலும் மீன் கொழுப்பும் காய்ந்து கிடக்கிறது, நல்ல உரம் என்றேன். மூன்றாம் கிழமை இலைகள் உதிரத் தொடங்க, தண்ணீர் போதவில்லை என்றேன். ஒரு வாளியை இரண்டு வாளி ஆக்கச் சொன்னேன். நானா சொன்னபடி செய்தார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை வண்டிலைக் கட்டினார். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போவதையும் இரண்டு கிழமை நிறுத்தினார். "கச்சான் போகட்டும். பொறகு ஒரேயடியா அவங்களக் கூட்டிக்கொண்டு வாறன்," என்றார்.

ஒரு காலை நான் போனபோது நானா வண்டிலை நடு வீதியில் நிறுத்திவிட்டு, இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மான்கள் ஒரு கன்றைச் சுற்றி நின்றன. கருக்குமட்டை ஒன்று விழுந்திருந்தது. நான் கல்லெடுத்தேன்.

"பொறுங்க," என்றார் நானா. "அதுகள் இலையத் தின்னல்ல."

தின்னவில்லை. ஒரு பெண் மான் இடைவெளிக்குள் கழுத்தை நீட்டி மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. நாக்கை நீட்டி, கவனமாக, அந்த வெள்ளைப் படிவை. மற்ற இரண்டும் தங்கள் முறைக்குக் காத்து நின்றன.

நானா இறங்கிப் போனார். மான்கள் கொஞ்சம் விலகி நின்றன, ஓடவில்லை. அவர் குந்தி, விரலால் மண்ணைத் தொட்டு வாயில் வைத்தார். வைத்த விரலை எடுக்காமல் அப்படியே இருந்தார். பிறகு துப்பினார்.

"உப்பு," என்றார்.

நானும் தொட்டு வைத்தேன். கடல்.

சந்தைக்குப் போனோம். கல்மேடையில் சல்லி என்ற மீனவக் கிராமத்து அம்மா ஒருவர் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தொட்டித் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது என்று நானா கேட்டார்.

"எங்க இருந்து வாறது? விடிய முதல் எங்கட ஆக்கள் கடல்ல அள்ளிக்கொண்டு வந்து பீப்பாய்ல ஊத்துறவங்க. அதிலதான் கழுவுறம்."

"கடல் தண்ணியிலயா?"

"பின்ன? ஊருக்குக் குடிக்கத் தண்ணியில்ல, மீனுக்கு நல்ல தண்ணி ஊத்தவோ?" கத்தியை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். வண்டில் நாள்தோறும் எதற்கு வருகிறது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது போல இருந்தது. "ஐயோ ராசா, நீங்க சாக்கடை கழுவக் கொண்டு போறீங்க எண்டு நினைச்சன். அதையா கன்றுக்கு ஊத்தினீங்கள்? ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே."

வீட்டில் மீனைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவுகிறோம். சந்தையில் கடல் தண்ணீரில் கழுவுகிறார்கள். இது அந்தச் சந்தையில் நிற்கும் பூனைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு கேள்விதான் தேவைப்பட்டது.

திரும்பி வரும்போது நானா வீதியைப் பார்த்து வண்டிலை ஓட்டினார். நான்தான் கதைத்துக்கொண்டு வந்தேன். மண்ணை மாற்றலாம், நல்ல தண்ணீர் விட்டுக் கழுவலாம் என்று. ஆஸ்பத்திரிச் சந்தி வந்ததும் அவர் வண்டிலை நிறுத்தினார்.

"நல்ல தண்ணி எங்க இரிக்கி, தம்பி?" என்றார். அவ்வளவுதான்.

பத்து நாளில் இருபத்தாறு கன்றுகள் காய்ந்த குச்சிகளாக நின்றன. ஆஸ்பத்திரிப் பக்கத்துக் கடைசி ஆறு மட்டும் இலை பிடித்து நின்றன. அவைதான் அரை வாளிக் கன்றுகள். நான் வாளியைக் கூட்டச் சொன்ன நாட்களிலும் அவற்றுக்கு வரும்போது தாங்கி ஒழிந்துவிடும். பல நாள் ஒன்றுமே கிடைக்கவில்லை. நான் எவற்றுக்காக வாதாடினேனோ, அவற்றை என் வாதம் வெல்லாமல் போனது காப்பாற்றியது.

ஓவசியர் வந்து பார்த்தார். வீதி முழுக்க நடந்து, குச்சிகளை எண்ணாமல் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த நாள் நான் அவருடைய அறைக்குப் போனேன். மீன் தண்ணீர் என் யோசனை என்றேன். அது அவருக்குத் தெரியும். வாளியைக் கூட்டச் சொன்னதும் நான் என்றேன். பிறகு மற்றதையும் சொன்னேன். போன வருடம் நானா ஒப்புக்கொண்டார் என்று சொன்னது பொய், அவரைக் கேட்காமலே பெயரைக் கொடுத்தேன் என்று. இவ்வளவையும் எழுதிக் கையொப்பம் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். இந்த முறை அரைப் பக்கம்தான்.

அவர் வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார்.

"உம்மை நான் என்ன செய்ய?" என்றார். "நீர் சபையின்ட ஆள் இல்லை. இந்தப் புத்தகத்தில உம்மட பேர் ஒரு இடத்திலயும் இல்லை. இருக்கிறது அவற்ற பேர். மேல இருக்கிறவை புத்தகத்தைத்தான் பார்ப்பினம்."

"அப்ப நானாவின்ட நிரந்தரம்?"

"இந்த முறை அனுப்பேலாது. அனுப்பினா, தெருவில நிக்கிற குச்சியைக் காட்டிக் கேள்வி கேட்பினம். ஒருக்கா இல்லை எண்டு வந்தா, பிறகு அந்தப் பேரைத் திருப்பி எழுப்புறது கஷ்டம்." என் கடிதத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தார். "அடுத்த கச்சானுக்குப் பிறகு அனுப்புறன். அந்த வீதியில மரம் நிண்டா அனுப்புறன்."

இதை நானாவிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஓவசியரிடம் கேட்டுக்கொண்டேன். நானா கொட்டிலில் வண்டில் சில்லுக்குக் கொழுப்புப் பூசிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே பூசினார். நான் கடிதம் எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றைக்கும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பாராட்டு எதிர்பார்த்தேனோ என்னவோ.

"எழுதத் தெரிஞ்ச ஆளுக்குப் பிழ விட்டாலும் ஒரு கடுதாசியோட போயிடும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சில்லைச் சுழற்றி விட்டுப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் இந்த வெள்ளிக்கு ஊருக்குப் போவணும். அறை வருது எண்டு சொல்லிட்டன். இப்ப இல்லயெண்டு சொல்லணும்."

நான் கூட வந்து சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"அவங்க ஒங்களக் கண்டா தேத்தண்ணி ஊத்தித் தருவாங்க. திட்ட மாட்டாங்க. வேணாம்."

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் கடற்கரையில் இருந்தேன். நூலகத்துக்குப் போக மனம் வரவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்ட பரீட்சை மறுமொழி ஒருவழியாக வந்திருந்தது, நான் சித்தியடைந்திருந்தேன். வீட்டில் எல்லோரும் எனக்கு உத்தியோகம் எங்கே கிடைக்கும் என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு நிரந்தரம் தானாகவே வந்துகொண்டிருந்தது. அவருக்கு வந்ததை நான் வழியில் நின்று மறித்திருந்தேன். இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. நல்ல எண்ணத்தோடு செய்தாய் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த நல்ல எண்ணம் பாதிப் பங்கு அவசரம் என்பதை நான் மட்டும் அறிவேன்.

பிறகு சந்தைக்குப் போனேன், மீன் வாங்க அல்ல. அந்தச் சல்லி அம்மா என்னைக் கண்டதும், "வாங்கோ மரக்காரத் தம்பி, இண்டைக்கும் தண்ணி வேணுமோ?" என்றார். பக்கத்து மேடைக்காரர்கள் சிரித்தார்கள். நான் நின்று கேட்டேன்: உப்பு ஏறிய மண்ணில் எது நிற்கும்?

"இதைத்தானே முதலே கேட்டிருக்க வேணும்," என்றார். "எங்கட கரையில வந்து பாருங்கோ. பூவரசு கடலுக்குள்ள காலை நீட்டிக்கொண்டு நிக்குது. அதுக்கு ஆர் நல்ல தண்ணி ஊத்தினது? படிச்ச பிள்ளையள் எண்டா வெள்ளைக்காரன் வைச்ச மரத்தைத்தான் பார்ப்பினம். எங்கட வேலியில நிக்கிறது மரமில்லையோ?"

அது உறைத்தது. பூவரசு எங்கள் வீட்டு வேலியிலும் நின்றது. கிளையைக் கதியாலாக, வேலித் தடியாக வெட்டி ஊன்றினால் தழைக்கும். விதை வேண்டாம், பேணி வேண்டாம், கஞ்சித் தண்ணீர் வேண்டாம். ஆள் உயரத் தடியாகவே ஊன்றலாம். மானுக்கும் ஆட்டுக்கும் துளிர் எட்டாது. வாகை அளவுக்கு விரியாதுதான். ஆனால் இரண்டு மூன்று மாரியில் ஒரு குடும்பம் நிற்கும் அளவுக்கு நிழல் கொடுக்கும். வாகை அப்படி நிழல் விரிக்க இன்னும் பல வருடம் எடுக்கும்.

இதை எழுதும்போது மாரி மழை தொடங்கிவிட்டது. போன கிழமை நானும் சிநேகிதர்களும் இருபத்தாறு குழியையும் திரும்ப வெட்டி, உப்பு மண்ணை அள்ளிக் கடற்கரையில் கொட்டினோம். குழிகளை மூடாமல் திறந்தே விட்டிருக்கிறோம். மழைத் தண்ணீர் நின்று, மிச்ச உப்பையும் கீழே கொண்டு போகட்டும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நான் போய்க் குழி மண்ணை நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். இறங்குதுறைப் பக்கத்து நாலு குழியில் இன்னும் கரிக்கிறது. அந்த நாலையும் கடைசியாக நடுவோம்.

நானாவிடம் இந்த முறை முதலிலேயே போய்க் கேட்டேன். அவர் உடனே சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, நான் குழியில் நிற்கும்போது வண்டிலை நிறுத்தினார்.

"என்ட பேர நானே போய்க் குடுக்கிறன்," என்றார். "அதுக்குக் கீழ ஒங்கட பேரும் இரிக்கணும். ஓவசியர் புத்தகத்தில எடமில்ல எண்டா ஓரத்தில எழுதட்டும். இன்னொண்டு. ஊத்துற தண்ணியில ஒவ்வொரு தாங்கியிலயும் ஒரு கை அள்ளி ஒங்கட வாயில வெச்சுப் பார்க்கணும். நான் வைக்க மாட்டன். நீங்க."

ஓம் என்றேன். ஓவசியர் ஓரத்தில் எழுதினார்.

உத்தியோகக் கடிதம் வந்தால் என்ன செய்வாய் என்று அப்பா கேட்கிறார். அடுத்த கச்சான் முடியும்வரை இந்த ஊரை விட்டுப் போக ஏலாது என்று சொல்லியிருக்கிறேன். அவர் அதை இன்னும் நம்பவில்லை. கோடைக்குத் தண்ணீர் எங்கே என்பதற்கும் இன்னும் முழுப் பதில் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பாவிக்காமல் மூடிக் கிடக்கும் ஒரு கிணறு இருக்கிறது. அதைத் துப்புரவாக்கிப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறோம். ஊறினால் நல்லது. ஊறாவிட்டால் வேறு கிணறு தேட வேண்டும், கச்சானுக்கு முதல்.

எங்கள் வேலிப் பூவரசில் இருபத்தாறு தடி தேறாது. கட்டைபறிச்சானில் வயல் செய்யும் ஒரு கமக்காரர் தன் வேலிப் பூவரசுகளில் இருந்து கதியால் வெட்டிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். நாளைக் காலை முதல் லோஞ்சில் போகிறேன், கத்தியும் கயிறும் நனைத்த சாக்கும் எடுத்துக்கொண்டு. இருபத்தாறு தடி, வழியில் முறிந்தால் என்று இன்னும் நாலு. திரும்பி வரும் லோஞ்சுக்கு நானா வண்டிலோடு இறங்குதுறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். காயும் முன் அன்றைக்கே ஊன்றிவிட வேண்டும்.